பொம்மக்காவும் திம்மக்காவும் ஏன் தனியாக அழுதார்கள்?

விக்கிரமசிங்கபுரம் என்றதும் தமிழிலக்கியம் படித்தவர்களுக்குச் சிவஞான முனிவர் நினைவுக்கு வருவார். 'சிவஞான மாபாடியம்' எழுதிய அவர் பிறந்தது இந்த ஊரில்தான். தொழிலாளர் வரலாறு தெரிந்தவர்களுக்கு ஆர்வி மில் நினைவுக்கு வரும். பாபநாசத்து அருவியின் நீர்விசையை நம்பி 1880களில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய பஞ்சாலை அது. இந்த இரண்டோடு மூன்றாவதாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அது முத்துப்பட்டன் கதை. நெல்லை, குமரிப் பக்கம் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டாகப் பாடப்பட்டுவரும் கதைப்பாடல்.

ஊரிலிருந்து மலையேறினால் முண்டந்துறைக் காட்டுக்குள், காரையாறு பக்கம், சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும். குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவார்கள். அங்கே பட்டவராயன் என்ற பெயரில், இரண்டு மனைவியரோடு நிற்பவர்தான் முத்துப்பட்டன். மனைவியர் பெயர் பொம்மக்கா, திம்மக்கா. அவருக்குச் செலுத்தும் காணிக்கை தோல் செருப்பு. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் நாம் கோயிலுக்குள் போகிறோம். இந்தச் சாமிக்கோ செருப்பையே கொண்டுவந்து கட்டுகிறார்கள். தலித் மக்கள் ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டியிருந்த தமிழ்நாட்டில் இப்படி ஒரு சன்னதி இருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தாக வேண்டும்.

இந்தக் கதையை வீரக்கதையாகவும் தெய்வக்கதையாகவும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இதைப் பிரிவின் பாட்டாக, தனிமையின் பாட்டாகப் படிக்க விரும்புகிறேன். காதல் தோற்ற பாட்டு எதைக் கேட்டாலும் நமக்குள் ஒரு வலி வருகிறது. அந்த வலி யாருடையது, அதைக் கொடுத்தது யார் என்ற இரண்டு கேள்விகளையும் பாட்டு நம்மைக் கேட்க விடுகிறதா? முத்துப்பட்டன் கதை முதலில் விட்டது. பிறகு வந்தவர்கள் அந்தக் கேள்வியை மூடிவிட்டார்கள். எப்படி மூடினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

வாலப்பகடை வைத்த நிபந்தனை

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முத்துப்பட்டன் பிராமணர். அண்ணன்மாரோடு மனத்தாங்கல் ஏற்பட்டு வீட்டைவிட்டு வெளியேறி மலையாளத்துப் பக்கம் போய் வேலை பார்க்கிறார். பிறகு அண்ணன்மார் தேடிவந்து ஊருக்குத் திரும்ப அழைக்கிறார்கள். வரும் வழியில் காட்டில் இரண்டு பெண்கள் பாடும் குரல் கேட்கிறது. அந்தப் பாட்டில் மயங்கி அவர்களைத் தொடர்ந்து போகிறார். பெண்கள் பயந்து ஓடி அப்பாவிடம் சொல்கிறார்கள். அப்பாவின் பெயர் வாலப்பகடை. மாடு காப்பவர், தோல் வேலை தெரிந்தவர். பகடை என்பது தென்மாவட்டங்களில் அருந்ததியருக்கு வழங்கும் பட்டம். பூலித்தேவன் படையில் இருந்த ஒண்டிவீரனையும் பகடை என்றே சொல்கிறோம்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒரு மேல்சாதி ஆண் காட்டில் தனியாக வரும் அருந்ததியர் பெண்களைத் துரத்துகிறான். அவர்கள் பயந்து ஓடுகிறார்கள். அந்தக் காலத்தில் இது அதிசயமான சம்பவமாக இருந்திருக்காது. அவனால் அவர்களை என்ன செய்தாலும் தப்பித்திருக்க முடியும். எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் அவனைக் கேட்டிருக்காது, எந்த வில்லுப்பாட்டும் பிறந்திருக்காது. மேல்சாதி ஆண் கீழே தள்ளப்பட்ட சாதிப் பெண்ணோடு கூடுவதை அனுலோமம் என்று பெயர் வைத்து ஒருவகையில் பொறுத்துக்கொண்டது மனுதர்மம். சாதி அமைப்புக்கு அதில் பெரிய நட்டமில்லை.

கதை பிறப்பது வாலப்பகடை பேசத் தொடங்கும்போதுதான். எங்கள் பெண்களைக் கட்டவேண்டுமானால் நீ எங்கள் ஆளாக வரவேண்டும் என்கிறார் அவர். குடுமியை அறுக்க வேண்டும், பூணூலைக் கழற்ற வேண்டும், தோலெடுத்துச் செருப்புத் தைத்துக் கொண்டுவர வேண்டும். முத்துப்பட்டன் அண்ணன்மாரிடம் போய்ச் சொல்கிறார். அவர்கள் அவரைக் கல்லறைக்குள் அடைத்துப் பூட்டுகிறார்கள். தப்பித்து வந்து, குடுமியையும் பூணூலையும் எறிந்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு, அதைச் சுமந்துகொண்டு மாமனார் முன்னால் வந்து நிற்கிறார். கல்யாணம் நடக்கிறது.

இதுதான் சாதியால் தாங்க முடியாத விஷயம். ஒரு தலித் தகப்பன் நிபந்தனை வைக்கிறான். ஒரு பிராமணன் அதற்குக் கட்டுப்படுகிறான். காதலால் ஒருவன் மனம் மாறுவதைப் பாடிய கதைகள் ஏராளம். கையால் செய்யும் வேலையே மாறவேண்டும் என்று கேட்ட கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பட்டவராயன் சன்னதியில் தொங்கும் செருப்பு அந்த நிபந்தனையின் சாட்சி.

கல்யாணமான கையோடு மாட்டுக்கள்ளர் வந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. கிடையைக் காக்க முத்துப்பட்டன் போகிறார். சண்டையில் வெல்கிறார். பிறகு மறைந்திருந்தவன் குத்திக் கொல்கிறான். நாய் வந்து செய்தி சொல்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உடலைத் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். உடலைக் கண்டு அழுகிறார்கள். சிங்கம்பட்டி அரசனிடம் உடன்கட்டை ஏற அனுமதி கேட்கிறார்கள். தீயில் இறங்குகிறார்கள். மூவரும் தெய்வமாகிறார்கள்.

பிறப்பை மாற்றிய கை

இந்தப் பாடலைப் பதிப்பித்து ஆராய்ந்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. நாங்குநேரிக்காரர். நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கியவர், 'ஆராய்ச்சி' இதழை நடத்தியவர். அவருடைய பதிப்பை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கதைக்கு இரண்டு வடிவம் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒன்றில் பொம்மக்காவும் திம்மக்காவும் வாலப்பகடை பெற்ற பிள்ளைகள். இன்னொன்றில் அவர்கள் பிராமணக் குடும்பத்தில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள். வாலப்பகடை எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான். இந்த இரண்டாவது வடிவம் பிற்காலத்தில் செய்யப்பட்ட மாற்றம் என்பது அவர் வாதம். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் வில்லுப்பாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதையை விரிவாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

சின்ன மாற்றம்போலத் தெரியும். பெண்கள் பெயர் மாறவில்லை, காடு மாறவில்லை, சண்டையும் சாவும் தீயும் அப்படியே இருக்கின்றன. பிறப்பு மட்டும் மாறுகிறது. அதனால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முத்துப்பட்டன் கட்டியது பிராமணப் பெண்களைத்தான் என்று ஆகிவிடுகிறது. அவர் குடுமியை அறுத்தது தேவையில்லாத தியாகமாகிவிடுகிறது. வாலப்பகடை வைத்த நிபந்தனை உண்மை தெரியாத ஒரு வளர்ப்புத் தகப்பனின் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. அண்ணன்மார் தம்பியைக் கல்லறையில் பூட்டியதுகூட ஒரு தப்பான புரிதல் என்று சொல்லிவிடலாம். யாரும் சாதியை மீறவில்லை. எல்லாம் விதி.

இது இந்த ஒரு கதையில் மட்டும் நடக்கவில்லை. ஆரியமாலா என்ற பிராமணப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்ட காத்தவராயன், பாட்டில் சிவனுடைய பிள்ளையாகிறான். பொம்மியைக் கூட்டிக்கொண்டு வந்த மதுரைவீரன், காசி அரசனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவனாகிறான். 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த 'மதுரை வீரன்' படமும் அரண்மனைப் பிறப்பைத்தான் காட்டியது. தலித் ஆண் மேல்சாதிப் பெண்ணை விரும்பினால் ஆணின் பிறப்பை மாற்றுகிறார்கள். மேல்சாதி ஆண் தலித் பெண்ணைக் கட்டினால் பெண்ணின் பிறப்பை மாற்றுகிறார்கள். எந்தப் பக்கம் மாற்றினாலும் கணக்கு ஒன்றுதான். கடைசியில் ஒரே தட்டில் இருப்பவர்கள்தான் சேர்ந்தார்கள் என்று ஆகவேண்டும்.

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இதைச் சமஸ்கிருதமயமாக்கம் என்று எழுதிவிட்டுக் கடந்துபோகலாம். அந்தச் சொல் போதாது. ஒரு சமூகம் மேலே போவதற்குத் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வது வேறு. ஒரு சமூகத்தின் மகள்களை அதனிடமிருந்து பாட்டிலேயே பறித்துக்கொள்வது வேறு. வாலப்பகடை இங்கே இழந்தது மருமகனை மட்டுமில்லை. தான் பெற்ற பிள்ளைகளையும் இழந்திருக்கிறார்.

அழுகையின் காரணம் எங்கே போனது?

வில்லுப்பாட்டு எப்படி நடக்கும் என்று தெரியாத இளைய தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய வில்லில் மணிகள் கட்டியிருக்கும். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் கூடவரும். கொடை இரவில் சாமியின் சாவைப் பாடும் இடத்தில் குரலும் அடியும் மாறும். சாமியாடிகளுக்கு அருள் வரும். கேட்கிற பெண்கள் அழுவார்கள். அந்த அழுகையில் பொய் கிடையாது. அவரவர் வீட்டுச் சாவும் பிரிவும் அந்தப் பாட்டுக்குள் வந்து சேர்ந்துகொள்ளும்.

பொம்மக்கா, திம்மக்கா அழும் இடத்தைக் கேட்பவர்கள் எதற்காக அழுகிறார்கள்? பெண்கள் வாலப்பகடையின் மகள்கள் என்றால், அவர்கள் இழப்பது தங்களுக்காகச் சாதியை விட்டு வந்த ஒரே மனிதனை. அவன் வீட்டார் அவர்களைச் சேர்க்கப்போவதில்லை. அண்ணன்மாருக்கு அவர்கள் தம்பி மனைவியர் கிடையாது, தம்பியைக் கெடுத்தவர்கள். தாலி கட்டிய வாசனை போவதற்குள் அவன் போய்விட்டான். அந்தப் பெண்களின் தனிமை முழுக்கச் சாதி உண்டாக்கிய தனிமை. பெண்கள் பிராமணப் பிறப்பு என்று மாற்றிவிட்டால், அதே அழுகை கணவனை இழந்த கற்புக்கரசிகளின் அழுகையாகிவிடுகிறது. ராகம் அப்படியே இருக்கும். கண்ணீரும் அப்படியே வரும். காரணம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

தீயில் இறங்கும் இடத்தை அம்பேத்கரோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1916 மே மாதம், 25 வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையின் மையம் அகமணமுறை. சாதி என்பதே தன் எல்லைக்குள் மட்டும் மணம் முடிக்கும் ஏற்பாடுதான் என்கிறார். அந்த ஏற்பாட்டுக்குக் கணவனை இழந்த பெண் ஒரு சிக்கல். அவள் உயிரோடு இருந்தால் வேறு சாதியில் மணம் முடிக்கலாம், அல்லது சாதிக்குள்ளேயே இன்னொரு பெண்ணுக்குரிய மாப்பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். அதனால் அவளை எரிக்கிறார்கள், அல்லது விதவையாக மூலையில் உட்கார வைக்கிறார்கள். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் அகமணமுறையைக் காப்பாற்றுவதற்கான கருவிகள், அவற்றைப் புனிதமாக்கும் தத்துவம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று விளக்குகிறார்.

தலித் சமூகங்கள் பலவற்றில் கணவனை இழந்த பெண் மறுமணம் செய்வது வழக்கத்தில் இருந்த ஒன்று. அப்படிப்பட்ட குடிசையிலிருந்து வந்த இரண்டு பெண்களை ஏன் பாட்டு தீக்கு அனுப்பியது? என் வாசிப்பு இது. அவர்கள் உயிரோடு இருந்தால் பாட்டுக்குப் பதில் சொல்ல முடியாது. சாதி மறுத்த ஒரு கல்யாணத்தின் சாட்சிகளாக அவர்கள் அதே காட்டில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளை யார் சாதி என்று கேள்வி வரும். எரித்துவிட்டால் அவர்களைக் கும்பிடலாம். 1829-இல் வங்காளத்திலும் 1830-இல் சென்னை மாகாணத்திலும் உடன்கட்டையைத் தடைசெய்து சட்டம் வந்தது. பாட்டில் அந்தத் தீ அணையவே இல்லை. சாவதற்குக்கூட அந்தப் பெண்கள் ஓர் அரசனிடம் அனுமதி கேட்டு நிற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கு மாற்றாக நம் வீடுகளிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. அதுதான் ஒப்பாரி. ஒப்பாரி பாடும் பெண் கணவனை மட்டும் பாடுவதில்லை. பங்கு கொடுக்காத கொழுந்தன், எட்டிப்பார்க்காத அண்ணன், பேச்சால் குத்திய நாத்தனார், கூலியைக் குறைத்த பண்ணையார் எல்லாரும் அதில் வருவார்கள். தான் தனியாக நிற்பதற்கு யார் யார் காரணம் என்று பிணத்தின் முன்னால் உட்கார்ந்து கணக்குச் சொல்லும் பாட்டு அது. வில்லுப்பாட்டு பெரும்பாலும் ஆண்கள் மேடையேறிப் பாடியது, ஒப்பாரி பெண்கள் தரையில் உட்கார்ந்து பாடியது. பொம்மக்காவின் அழுகையை ஒப்பாரி பாடும் ஒரு பாட்டி தன் வார்த்தையில் பாடியிருந்தால் அவள் தீயிலிறங்கியிருப்பாளா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இன்றைய பாட்டுகளும் இன்றைய பெண்களும்

2011-இல் 'ஒய் திஸ் கொலவெறி' பாட்டு உலகம் முழுக்கப் பரவியது. அதையொட்டி 'சூப் பாட்டு' என்று ஒரு வகையே சினிமாவில் பெருகியது. காதலில் தோற்ற பையன், கையில் பாட்டில், ஏமாற்றிய பெண். நம் தோழர்களின் கைப்பேசியிலும் அவை இருக்கும். கேட்பதில் தப்பில்லை, வலிக்கும்போது எதையாவது கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டுகளில் அவள் ஏன் போனாள் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. பெண் அப்படித்தான். அப்பா கதவைப் பூட்டினாரா, மாமன் அரிவாளைக் காட்டினானா, சொந்தக்காரர்கள் சேர்ந்து வேறு மாப்பிள்ளை பார்த்தார்களா என்று எந்தப் பாட்டும் கேட்பதில்லை. முத்துப்பட்டன் கதையில் பிறப்பை மாற்றிச் செய்த வேலையை இந்தப் பாட்டுகள் மௌனத்தால் செய்கின்றன.

அதே காலத்தில்தான், 2012 நவம்பரில், ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டித் தருமபுரி நத்தம் காலனியைக் கொளுத்தினார்கள். தலித் இளைஞர்களின் காதலை நாடகம் என்று மேடைபோட்டுப் பேசினார்கள். 2018-இல் மாரி செல்வராஜ் எடுத்த 'பரியேறும் பெருமாள்' திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியை வைத்து இந்த மௌனத்தைக் கொஞ்சம் உடைத்தது. அந்தப் படத்தில் பரியனுக்கு என்ன நடந்தது என்பது அவனை விரும்பும் ஜோவுக்குக் கடைசிவரை தெரியாது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு தனித்தனித் தனிமையில் இருப்பார்கள். சாதி செய்யும் வேலை அதுதான். பிரிப்பதோடு நிற்காது, பிரித்தது யார் என்று ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொள்ளவும் விடாது.

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் கொல்லப்பட்டார். வெட்டுப்பட்டு உயிர்பிழைத்த கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். பிறகு மேடைகளில் சாதிக்கு எதிராகப் பேசினார். 2018-இல் அவர் மறுமணம் செய்துகொண்டபோது வந்த வசைகள் உங்களுக்கு நினைவிருக்கும். வசைபாடியவர்கள் பலர் சங்கர் உயிரோடு இருந்தபோது அந்தக் கல்யாணத்தை ஏற்காதவர்கள். காதலித்தபோது ஒழுக்கம் கெட்டவள் என்றவர்கள், அவன் செத்தபிறகு நினைவிலேயே வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். பொம்மக்காவுக்குப் பாட்டு கொடுத்த முடிவை இவருக்கும் கொடுக்கப் பார்த்தார்கள். அவர் மறுத்தார்.

2025 ஜூலையில் நம் பாளையங்கோட்டையிலேயே ஒரு தலித் மென்பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் விரும்பிய பெண்ணின் சகோதரர் கைதானார். அன்றைக்கு நம்மில் பலர் தெருவில் நின்றோம், நின்றிருக்கத்தான் வேண்டும். கூடவே அந்தப் பெண்ணை நோக்கி இணையத்தில் வந்த வசைகளையும் படித்தோம். நம் பக்கத்துப் பிள்ளைகளும் அதில் சேர்ந்துகொண்டது எனக்கு உறுத்தியது. கோபம் நியாயமானது. அதற்காக, கொலையோடு சேர்ந்து தனியாக்கப்பட்ட ஒரு பெண்ணை ஏமாற்றுக்காரி என்று பாடும் அந்தச் சூப் பாட்டை நாமும் பாட வேண்டியதில்லை.

நாம் செய்யக்கூடியவை

மாணவர்கள் கொடைக்காலத்தில் ஊருக்குப் போகும்போது கைப்பேசியை எடுத்துக்கொண்டு வில்லுப்பாட்டு முன்னால் உட்காருங்கள். முத்துப்பட்டன் கதை பாடினால் பெண்களின் பிறப்பை எப்படிப் பாடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடகரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அவருடைய ஆசான் எப்படிப் பாடினார், எந்த ஊரில் எதை விட்டுவிட்டுப் பாடவேண்டியிருக்கிறது, யார் அப்படிச் சொல்கிறார்கள். அருந்ததியர் குடியிருப்பில் இருக்கும் பெரியவர்களிடம் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் வாலப்பகடை வேறு ஆளாக இருக்கலாம். அந்தக் குரல்கள் போய்விட்டால் அச்சில் இருப்பது மட்டும்தான் வரலாறு என்று ஆகிவிடும்.

அடுத்தது கண்முன் இருக்கும் வேலை. சாதி மறுத்துத் திருமணம் செய்த இணையர்களோடு களத்தில் வேலை செய்வதால் சொல்கிறேன். கொலைமிரட்டல் வரும் முதல் வாரத்தில் எல்லாரும் கூட இருப்போம். ஆறு மாதம் கழித்து, வாடகை வீட்டில், பேச ஓர் ஆள் இல்லாமல், பண்டிகை நாளில் அம்மாவின் எண்ணைத் தட்டிவிட்டு அழைக்காமல் வைத்துவிடும் பெண்ணோடு யாரும் இருப்பதில்லை. பாதி உறவுகள் அந்தத் தனிமையில்தான் விரிசல் விடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், பார்த்தீர்களா காதல் கல்யாணம் என்று சிரிப்பார்கள். 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லமும் ஏற்படுத்தச் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே இயங்குகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பதிலை வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போகலாம். தீபாவளி, பொங்கலுக்கு அந்த இணையர்களை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு எந்த மனுவும் வேண்டாம்.

வரும் ஆடி அமாவாசைக்கும் பட்டவராயன் சன்னதியில் செருப்புக் கட்டுவார்கள். கட்டுகிறவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒரு பிள்ளை சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காக வாசற்படி ஏறவிடாமல் நிறுத்தப்பட்டிருக்கிறதோ தெரியவில்லை. அப்படி ஒரு வீடு உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களிடம் இந்தக் கதையை வாலப்பகடையின் பெற்ற மகள்கள் கதையாகவே சொல்லுங்கள்.